திரையை முதலில் காலி செய்தவன்

பெர்ரன் நான்கிவெல் உட்கார்ந்து சாப்பிட்டு யாரும் பார்த்ததில்லை. காடினா கடைத்தெருவில் சுடச்சுட, இறைச்சி அடைத்த ஒரு பேஸ்டி வாங்குவான். நடந்துகொண்டே இரண்டு கடி கடிப்பான். போன் வரும். மீதியைக் காரின் கூரைமேல் வைத்துவிட்டுப் பேசுவான். பேசி முடித்ததும் காரைக் கிளப்பிக்கொண்டு போய்விடுவான். எங்கள் பக்கத்துக் கடற்காகங்களுக்கு அவனால் இதுவரை ஒரு குறையும் வந்ததில்லை.

காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவர்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம். பெர்ரனுக்கு அதோடு இன்னொரு கோளாறும் உண்டு. பழையதைத் தூக்கி எறிந்த பிறகுதான் புதியது எங்கே கிடைக்கும் என்று தேடுவான். ஓடிக்கொண்டிருந்த வண்டியை விற்றுவிட்டு, வேறு வண்டி அமையும்வரை வாலரூவிலிருந்து காடினாவுக்கு சைக்கிளில் போய்வந்தான். சமையலறையை இடித்துத் தள்ளிவிட்டான். புது அலமாரிகள் கப்பலில் வருவதற்குள் குளிர்காலமே முடிந்துவிட்டது. அவன் மனைவி கெரின் அத்தனை நாளும் கார் ஷெட்டில் கம்பளித் தொப்பியோடு நின்று முட்டை பொரித்தாள். பார்த்த வேலைகளும் அப்படித்தான். படகுத் துறை, ஆண்டெனா மாட்டுவது, பள்ளிக்கூடக் கம்ப்யூட்டர் என்று எல்லாவற்றையும் அடுத்தது கையில் வருவதற்கு முன்பே விட்டவன். கெட்டிக்காரன்தான். ஆனால் அந்தக் கெட்டிக்காரத்தனத்தோடு குடித்தனம் நடத்துவதற்குத் தனிப் பொறுமை வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முதலில் அவன் விட்டது நிலத்தை. ட்ரெனோத்துக்கு வெளியே நான்கிவெல் குடும்பத்துக்கு நாலைந்து பெரிய வயல்கள் உண்டு. அப்பா போன பிறகு அவனும் அக்கா மார்வென்னாவும் சேர்ந்து விதைத்தார்கள். ஒரு வருஷம், அறுவடை நடுவில், தானியத்தை எடைபோட்டு வாங்கும் களத்துக்கு அக்கா லாரியோடு போயிருந்த நேரத்தில், அவன் அறுவடை மெஷினை வயலின் நடுவே நிறுத்தினான். இறங்கி வீட்டுக்கு வந்தான், பையை எடுத்தான், அடிலெய்டுக்குப் போய்விட்டான். சொல்லாமல் போகவில்லை என்று இன்றுவரை சாதிப்பான். சமையலறையில் நின்று சத்தமாக, "நான் போறேன்" என்று சொன்னானாம். வீட்டில் அப்போது ஒருவரும் இல்லை. கேட்டிருந்தால் ஃபிரிட்ஜ்தான் கேட்டிருக்க வேண்டும் என்பது ஊர்ப்பேச்சு.

அந்த வாரமே மழை வந்தது. நின்ற கதிரிலேயே பார்லி முளைவிட்டது. பீருக்குப் போக வேண்டிய தானியம் ஆட்டுத் தீவனமாகப் போயிற்று. அக்கா வென்னா அதைப் பற்றி அவனிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால்கூட அவனுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். ஒவ்வொரு நவம்பரிலும், வடக்கே பார்லி வெளுக்கத் தொடங்கும்போது, அவன் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடப்பான். கெரின் வாசற்கதவைத் திறந்துவிட்டு, "வெளிய போய் நட" என்பாள்.

கடைசியாக ஒரு வேலையில் நிலைத்தான். அடிலெய்டில் ஒரு சின்னக் கம்பெனி தானியக் களங்களுக்குக் கம்ப்யூட்டர்ப் பெட்டி செய்கிறது. எடைமேடையின் அருகே ஒரு குடிசைக்குள் அந்தப் பெட்டி இருக்கும். லாரி வந்து நின்றால் எடை, ரகம், ஈரம், எந்தக் குவியலில் கொட்ட வேண்டும் என்பதெல்லாம் அதன் திரையில் வரும். அந்தத் திரைக்கு உயிர் கொடுக்கும் நிரலை, அதாவது வீடியோ டிரைவரை, எழுதியது பெர்ரன். வாலரூ வீட்டின் பின்னறையில், நின்றுகொண்டே எழுதினான்.

அவனுக்கு முன்னால் அந்தத் திரையில் இன்னொருவர் இருந்தார். கம்ப்யூட்டரை முடுக்கியதும், அதன் மின்பலகையிலேயே பொதிந்திருக்கும் ஒரு சின்ன நிரல் திரையை ஏற்றிவைக்கும். நினைவகத்தில் ஒரு துண்டைக் காட்டி, இதில் எதை வைத்தாலும் திரையில் தெரியும் என்று சொல்லிவிட்டு அது ஒதுங்கிக்கொள்ளும். அந்தத் துண்டுக்குப் பெயர் ஃப்ரேம்பஃபர். அதில் புள்ளிகளை எழுதுகிற டிரைவர் அன்னெலி ஷிர்மருடையது. அன்னெலி அடிலெய்டு ஆபீஸில் இருப்பவள், பரோசா பக்கத்துக்காரி, டீத்தூளைக்கூட அளந்து போடுகிறவள். அவளுடைய டிரைவர் ஒரு பரம சாது. என்ன திரை, எத்தனை பெரிசு, எந்தக் கேபிள் என்று ஒன்றும் கேட்காது. கொடுத்த இடத்தில் எழுத்தைப் போடும். வேகமும் கிடையாது, அழகும் கிடையாது, ஆனால் முதல் நொடியிலிருந்து வேலை செய்யும்.

பெர்ரனுடையது அசல் ஆள். திரையை இயக்கும் சிப்பின் நாடி நரம்பெல்லாம் அதற்குத் தெரியும். திரையிடம் பேசி அதன் அளவைக் கேட்டு, அதற்கேற்ற அழகோடு வேகமாக வரைந்து தள்ளும். ஆனால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒரே திரையில் கைவைத்தால் அலங்கோலம்தான். அதனால் பெரியவர் வந்ததும் சின்னவர் எழுந்து இடம் விட வேண்டும். பெரியவர் உட்கார்ந்த பிறகும், பழைய எழுத்துகளைக் காட்டும் சில்லறை வேலைகளுக்காக, சின்னவர் செய்ததைத் தானே ஒரு ஓரமாகச் செய்துகொடுக்க வேண்டும். எல்லாத் தகராறும் அந்த எழுந்து உட்காரும் இடைவெளியில்தான் வரும்.

செப்டம்பரில் அன்னெலி அவன் எழுதியதைப் படித்துப் பார்த்துவிட்டு போன் செய்தாள்.

"பெர்ரன், உன்னோட முதல் வரியே என்னுதை வெளிய தள்ளுது."

"ஆமா. எல்லாரும் அப்படித்தான் எழுதறாங்க."

"தள்ளிட்டு உள்ள வந்தப்புறம் ஏதாவது சரியில்லேன்னா?"

"என்ன சரியில்லாம போகும்? எல்லாக் களத்துலயும் ஒரே பெட்டி, ஒரே திரை."

"முதல்ல திரைகிட்ட கேளு. பதில் வந்தா என்னுதைத் தள்ளு. வரலேன்னா என்னுதை அப்படியே விட்டுட்டு நீ ஒதுங்கிக்கோ."

"அது உள்ள உட்கார்ந்திருக்கும்போது நான் சிப்பைத் தொடணும்னா பாதி எழுதினதைப் பிரிக்கணும். அறுவடை முடியட்டும், பாத்துக்கலாம்."

"உன் வீட்டுச் சமையலறை மாதிரியா?"

அவன் சிரித்து மழுப்பினான். அறுவடை நெருங்கிவிட்டது, களங்களுக்குப் பெட்டி போயாக வேண்டும். அன்னெலி பெருமூச்சு விட்டுக்கொண்டே சரி என்றாள்.

நவம்பரில் ஒரு நாள் முழுவதும் வடக்கிலிருந்து அனல் காற்று அடித்தது. தீப்பிடித்துவிடும் என்று வட்டாரம் முழுக்க அறுவடையை நிறுத்திவைத்தார்கள். மறுநாள் காற்று தணிந்தது. ஆனால் மாலைக்குள் தென்மேற்கிலிருந்து மழை வரும் என்று ரேடியோ சொல்லிக்கொண்டே இருந்தது. விடிந்ததும் விடியாததுமாக எல்லா வயலிலும் மெஷின் இறங்கியது. எல்லா லாரியும் களத்தை நோக்கி வந்தது. வென்னாவுக்கு ஒரே ஒரு வயல் பாக்கி, அந்த வருஷத்திலேயே நல்ல பார்லி அதில்தான். மழை பட்டால் அது தீவனம், படாவிட்டால் பீருக்குப் போகும் மால்ட். மெஷின் ஓட்ட வந்திருந்த ஆள் முதுகு பிடித்துக்கொண்டு படுத்துவிட்டான். அறுப்பது, லாரியில் ஏற்றுவது, களத்துக்குக் கொண்டுபோவது எல்லாம் அவள் ஒருத்திதான். அவள் லாரியோடு வரிசையில் நிற்கும் நேரமெல்லாம் மெஷின் வயலில் சும்மா நிற்கும்.

காலை பத்தரை வாக்கில் பெர்ரனுக்கு போன் வந்தது. ட்ரெனோத் களத்துக் குடிசையில் இருக்கும் மெர்வ் குவாஸ்ட்.

"பெர்ரன், உன் பெட்டி செத்துப்போச்சுப்பா."

"என்னண்ணே ஆச்சு?"

"எழுத்து கடகடன்னு ஓடிச்சு. அப்புறம் கும்மிருட்டு. வெளிய லாரி ரோடு வரைக்கும் நிக்குது. உங்க அக்காவும் நிக்குது."

பெர்ரன் கையில் இருந்த ஐஸ் காபியை அப்படியே வைத்துவிட்டு ஓடினான். எங்கே வைத்தான் என்று கெரின் பிறகு கண்டுபிடித்தாள், துணி துவைக்கும் மெஷினுக்குள்.

களத்தில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. லாரிக்காரர்கள் தொப்பியால் விசிறிக்கொண்டு நிழல் தேடி நின்றார்கள். ஒருவரும் அவனைத் திட்டவில்லை, அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது. குடிசைக்குள் நுழைந்ததுமே பெர்ரன் பார்த்துவிட்டான். கம்பெனி கொடுத்த திரை அங்கே இல்லை. அதைவிட இரண்டு மடங்கு பெரியதாகக் கறுப்பாக ஒன்று சுவரில் தொங்கியது.

"இது ஏது அண்ணே?"

"கிளப்புல கால்பந்து பாக்க வச்சிருந்தது. உன்னோடதுல வெயில் அடிச்சா ஒரு எழவும் தெரியல. அதான் காலைல மாத்தினேன்."

"பழசு எங்க?"

மெர்வ் காலால் மூலையைக் காட்டினார். கண்ணாடி நட்சத்திரம்போல உடைந்த திரை ஒன்று கிடந்தது.

"கழட்டும்போது கை நழுவிடுச்சு."

"புதுசு ஓடுதான்னு பாக்காமலேயா பழசைக் கழட்டினீங்க?"

மெர்வ் அவனை மேலும் கீழும் பார்த்தார். "நீயாப்பா என்னைக் கேக்கிற?"

பெர்ரனுக்குப் புரிந்துவிட்டது. கிளப்பின் திரை கிழம். நீ யார் என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாதது. முதலில் இருந்த அன்னெலியின் சாது அதை ஒன்றும் கேட்கவில்லை, பேசாமல் எழுதியது. பிறகு இவனுடைய டிரைவர் வந்தது. வந்த வேகத்தில் சாதுவை வெளியே தள்ளியது. பிறகுதான் திரையிடம் யார் நீ என்று கேட்டது. பதில் இல்லை என்றதும் கோபித்துக்கொண்டு தானும் வெளியேறிவிட்டது. இப்போது உள்ளே ஒருவரும் இல்லை. பெட்டி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கும், எடையைக்கூட வாங்கிக்கொண்டிருக்கும். கண்தான் இல்லை.

அடிலெய்டிலிருந்து வேறு திரை வருவதற்குள் மழையே வந்துவிடும்.

"கையால எழுதிக்கலாமே அண்ணே?"

"எழுதலாம். அப்புறம் யார் பார்லி எந்தக் குவியல்ல இருக்குன்னு ஜென்மத்துக்கும் சண்டை போட்டுக்கிட்டு இருக்கலாம்."

கதவருகே நிழல் விழுந்தது. வென்னா. தலையிலிருந்து பூட்ஸ்வரை பார்லித் தூசு. அவளுடைய லாரி வரிசையில் பாதிக்கும் பின்னால் நின்றது.

"என்னடா, உன் கைவேலையா?"

"ஆமாக்கா."

அவள் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. கதவுச் சட்டத்தில் சாய்ந்துகொண்டு தென்மேற்கைப் பார்த்தாள். அங்கே அடிவானத்தில் ஒரு நீலக் கோடு கனத்துக்கொண்டிருந்தது. அவள் திட்டியிருந்தால் பெர்ரன் பதிலுக்கு ஏதாவது சொல்லிவிட்டு வேலையைப் பார்த்திருப்பான்.

கீபோர்டில் கேப்ஸ் லாக்கைத் தட்டினான். விளக்கு எரிந்தது.

"உயிர் இருக்கு."

அன்னெலிக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். நடந்ததை ஒரே மூச்சில் சொன்னான். அவள், நான் அப்போதே சொன்னேன் என்று சொல்லவில்லை. பரோசாக்காரர்களுக்கு அந்தப் பெருந்தன்மை உண்டு, சில சமயம்.

"கண்ணை மூடிக்கிட்டு அடிக்கணும் பெர்ரன். திரைல ஒண்ணும் தெரியாது, ஆனா பெட்டி கேட்டுக்கும். எழுத்துத் திரைக்கு மாறு. பேரை அடி, பாஸ்வேர்டை அடி. உன் டிரைவரை உள்ள விடாதேன்னு எழுது. திருப்பி முடுக்கு. என்னோடது இருக்கும், அதை வெளிய தள்ள ஆள் இருக்காது."

"என்னுதை நானே தடுக்கணுமா?"

"வேற வழி இருந்தா சொல்லு."

அவன் நின்றபடியே படபடவென்று அடித்தான். முடுக்கினான். எழுத்துகள் ஓடின, எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். இருட்டு. மறுபடி அடித்தான், இன்னும் வேகமாக. எழுத்துகள் ஓடின. இருட்டு. வெளியே யாரோ ஹாரன் அடித்தார்கள், இன்னொருவர் அவரை அதட்டினார்.

"நாலு லாரி வேற களத்துக்குத் திரும்பிப் போகுது" என்றார் மெர்வ். "அங்க போய்ச் சேரவே மதியம் ஆயிடும்."

"பெர்ரன்," என்றது போன். "கேப்ஸ் லாக் விளக்கு எரியுதா?"

அவன் குனிந்து பார்த்தான். "...எரியுது."

"உயிர் இருக்கான்னு பாக்கத் தட்டினவன் திரும்ப அணைக்கலையா? ஒவ்வொரு தடவையும் முடுக்கினதும் தட்டிப் பாக்கிறியா?"

பாஸ்வேர்டு இரண்டு தடவையும் பெரிய எழுத்தில் போயிருக்கிறது. மெர்வ் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். வென்னா சிரிக்கவில்லை.

"உட்காரு" என்றாள் அன்னெலி.

"நின்னுக்கிட்டே அடிச்சுடறேன்."

"உட்காருடா" என்றாள் வென்னா.

மெர்வ் தன் நாற்காலியைத் தள்ளிவிட்டார். பெர்ரன் உட்கார்ந்தான். முழங்கால் தானாக ஆடியது, ஒரு கையால் அழுத்திப் பிடித்தான். ஒவ்வொரு எழுத்தையும் வாய்விட்டுச் சொன்னான், அடிலெய்டில் அன்னெலி கேட்டுக்கொண்டே வந்தாள். கறுத்த திரையில் அவனுடைய முகமும் பின்னால் அக்காவின் முகமும்தான் தெரிந்தன. தன் டிரைவரின் பெயருக்கு வந்தபோது விரல் ஒரு கணம் நின்றது. ஏழு மாத வேலை. அடித்து முடித்து, முடுக்கினான்.

எழுத்துகள் ஓடின. ஓடி நின்றன. இருளவில்லை. கொழுத்த, மூலை மூலையான எழுத்துகளில், மேலிருந்து கீழாகக் கோடு கோடாக, யாரோ தூரிகையால் பூசுவதுபோல எடைத் திரை மெல்ல இறங்கியது.

"எங்க அப்பா வீட்டு டிவி மாதிரி இருக்கு" என்றார் மெர்வ். "ஆனா தெரியுதுப்பா!" வெளியே ஓடி முதல் லாரிக்குக் கை காட்டினார்.

பெர்ரனுக்கு எழுந்து ஓட வேண்டும்போல இருந்தது. ஆனால் விரல் சும்மா இருக்கவில்லை. இருட்டான நேரத்தில் தன் டிரைவர் என்ன சொல்லிவிட்டுப் போனது என்று தேடி எடுத்தான். இருந்தது. அவனே எழுதிவைத்த வரி, பார்த்துப் பார்த்து எழுதியது: 'திரை பதில் தரவில்லை. விலகுகிறேன்.'

வென்னா அவன் தோளுக்கு மேலாகக் குனிந்து படித்தாள்.

"யாருக்குடா எழுதின இதை?"

"பாக்கிறவங்களுக்கு. திரைல வரும்ல..."

"திரையைத்தான் நீ முதல்லயே காலி பண்ணிட்டியே."

அவன் அந்த வரியையே மறுபடி படித்தான்.

"ஃபிரிட்ஜ்கிட்ட சொன்ன மாதிரி" என்றாள் அக்கா.

அவ்வளவுதான் சொன்னாள். இத்தனை வருஷம் வராத அந்த வார்த்தை, இப்படி ஒரு எடைமேடைக் குடிசையில், சாதாரணமாக வந்து விழுந்தது. பெர்ரனுக்குக் காது மடல்வரை சூடேறியது. வெட்கம்தான், வேறு பெயர் அதற்கு வேண்டாம். அன்று மெஷினை விட்டு இறங்கியபோது சுமையை இறக்கிவைத்ததாக நினைத்தான், அது அக்காவின் தலையில் இறங்கியது என்பதை அவன் அறியாமலில்லை. ஆனால் அவளும் அறிவாள் என்று அவள் வாயால் கேட்பது வேறு.

வரிசை நகர்ந்து, மத்தியானம் அவள் முறை வந்தது. சோதித்துப் பார்த்து மால்ட் என்றார் மெர்வ். லாரியைக் கொட்டிவிட்டு வந்தவள், ஜன்னலில் கை வைத்துக் கேட்டாள்.

"நான் போய் அறுத்து, ரொப்பி, திரும்ப வந்து நின்னேன்னா மழை முந்திக்கும். மெஷின்ல ஏறுவியா?"

"அக்கா, எனக்கு அந்த வரியை உடனே மாத்தணும். மத்த களத்துலயும் இதே மாதிரி யாராவது..."

"வரி எங்கேயும் ஓடாது" என்றது மேசைமேல் இருந்த போன். அன்னெலி இன்னும் வைக்கவில்லை. "மத்த களத்துக்கெல்லாம் நான் சொல்லிடறேன், யாரும் திரையைத் தொடாதீங்கன்னு. மழைதான் ஓடி வருது. போ பெர்ரன்."

அப்படித்தான், பதினெட்டு வருஷம் கழித்து, பெர்ரன் நான்கிவெல் மறுபடி மெஷினில் ஏறினான். புது மெஷின், பொத்தான்கள் வேறு. கை மட்டும் தடுமாறாமல் அதனதன் இடத்துக்குப் போயிற்று. பார்லி உலர்ந்து சலசலத்தது. ஒரு வரிசை போவான், திரும்புவான், அடுத்த வரிசை. மெஷின் நிறைந்தால் வயலோரம் நின்ற பெரிய தொட்டியில் கொட்டுவான். அதிலிருந்து வென்னா லாரியில் ஏற்றிக்கொண்டு போவாள், அவன் அறுத்துக்கொண்டிருப்பான். மெஷினுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடக்க முடியாது. காலை வைக்க இடம் தெரியாமல் மாற்றி மாற்றி வைத்தான். மனம் ஒரு நொடி அந்த முதல் வரிக்கு ஓடும், ஒரு நொடி வானத்துக்கு ஓடும், ஒரு நொடி வயல் வாசலில் நிற்கும் தன் காருக்கு ஓடும். சாவி அவன் பாக்கெட்டில்தான் இருந்தது.

அந்த வரியை மறுநாள் காலையில் மாற்றினான் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். திரையிடம் கேட்டு, வேண்டியதெல்லாம் கைக்கு வந்ததா என்று பார்த்து, பிறகுதான் அன்னெலியின் சாதுவை இடத்தைவிட்டு எழுப்புகிறது அவன் டிரைவர். பாதிக்குமேல் பிரித்து எழுத வேண்டியிருந்தது. முணுமுணுத்துக்கொண்டே எழுதினான்.

வென்னா இரண்டாவது நடை போனபோது தொட்டியும் நிறைந்துவிட்டது, மெஷினும் நிறைந்துவிட்டது. இனி அவள் வந்தால்தான் அறுக்க முடியும். அவனுக்குச் செய்ய ஒன்றும் இல்லை. இதைவிடக் கொடுமையான தண்டனையை யாரும் அவனுக்கு யோசித்திருக்க முடியாது. நீலக் கோடு இப்போது பாதி வானம். காற்று திசை மாறி, மெஷினின் கண்ணாடியில் தூசு தெற்கிலிருந்து அடித்தது. இன்ஜினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தான். பாக்கெட்டில் சாவி குத்தியது. எடுத்துப் பார்த்தான், எதிரே பலகைமேல் வைத்தான், மறுபடி எடுத்தான். ரோட்டில் தூசு எழுகிறதா என்றே பார்த்துக்கொண்டிருந்தான். அன்று இவள் திரும்பி வந்தபோது, வயல் நடுவே ஆளில்லாத மெஷினைப் பார்த்திருப்பாள். எவ்வளவு தூரத்திலிருந்து பார்த்திருப்பாள் என்பது இங்கே உட்கார்ந்திருக்கும்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. வயல் கேட்டிலிருந்தே தெரியும்.

தூசு எழுந்தது. லாரி கேட்டுக்குள் திரும்பியது. அங்கேயே ஒரு கணம் தயங்கி நின்று, பிறகு வேகமாக வந்தது.

"இதுவும் மால்ட்!" என்று கத்தினாள் வென்னா, இறங்குவதற்கு முன்பே. "ஏத்து, ஏத்து!"

தொட்டியிலிருந்ததும் மெஷினிலிருந்ததும் லாரிக்குள் இறங்கின. அவள் தார்ப்பாயை இழுத்து மூடினாள். அவன் மறுபடி கதிருக்குள் விட்டான். கடைசி நாலு வரிசை, மூன்று, இரண்டு. வேலியோர மூலை மட்டும் நின்றது. அங்கேதான் பழைய செப்புச் சுரங்கத்தின் வாய் இருக்கிறது, தாத்தன் காலத்தில் தோண்டி மூடியது. வருஷா வருஷம் மண் உள்வாங்கி, எதுவரை மெஷின் போகலாம் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். கண்ணாடியில் ஒரு துளி விழுந்தது. பெரிய துளி, தூசுக்குள் ஓட்டைபோல.

வென்னா ஓடி வந்து ஏணியில் கால் வைத்தாள்.

"மூலையை நான் பாத்துக்கறேன். நீ லாரியை எடு. மெர்வ் நமக்காகத்தான் களத்தைத் திறந்து வச்சிருக்காரு. இறங்கு, இறங்கு!"

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. கதவு திறந்தது. பெர்ரன் எழவில்லை. அவன் முழங்கால் துடிப்பதை அவளே பார்த்தாள்.

"ஏறி வா முதல்ல" என்றான்.

அவள் அவனை இடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். இரண்டு பேருக்கு அந்த இடம் போதாது. அவள் கையை நீட்டி ஸ்டீயரிங்கைப் பிடித்தாள்.

"பிடிச்சிட்டியா?"

"பிடிச்சிட்டேன்."

"பிரேக்?"

"கால் வச்சிட்டேன்டா. எழுந்திரு."

அப்போதுதான் எழுந்தான். ஏணியில் பாதி இறங்கியவன் நின்று, தலையை மறுபடி உள்ளே நீட்டினான். கண்ணாடியில் இன்னும் இரண்டு துளி.

"அக்கா, போயிட்டு வரேன்."

"கேட்டுச்சுடா" என்றாள் வென்னா, மூலையைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.